ஆள் சேர்த்த பெயிண்டர்

பொய் சொல்லவே தெரியாத மனிதர் என்று என் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவரை வைத்துத்தான் செஞ்சி வட்டாரத்தில் அத்தனை பேரிடம் பொய் சொன்னார்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே தாலுகா ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் அவருடைய கடை. கடைப் பலகை, வண்டி நம்பர், கல்யாணத் தட்டி எல்லாம் எழுதுவார். ஊருக்கே அவர் பெயிண்டர்தான். ரேஷன் கார்டில் என்ன பெயர் இருந்ததோ, தெரியாது. எதை எழுதச் சொன்னாலும் அது உண்மைதானா என்று முதலில் விசாரிப்பார். 'சுத்தமான நெய்' என்று எழுதச் சொன்ன மிட்டாய்க்கடைக்காரரின் அடுப்படி வரைக்கும் போய் டின்னை முகர்ந்து பார்த்துவிட்டு, 'மிட்டாய்க்கடை' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று எழுதச் சொன்ன மளிகைக்காரரிடம், "நாளைக்கு நெஜமா குடுப்பியா?" என்று கேட்டார். மளிகைக்காரர் சிரித்தார். பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார்.

அப்படிப்பட்டவரிடம் ஒருநாள் மெட்ராஸிலிருந்து சூட்கேஸும் கையுமாக ஒருவர் வந்தார். துணியில் ஒரு படம் எழுத வேண்டும் என்றார். மேலே ஒரு வட்டம், அதன் கீழே ஆறு, அந்த ஆறுக்கும் கீழே ஆறாறு. ஒரு பெட்டி டானிக் வாங்கி நீங்கள் சேர வேண்டும். பிறகு ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள். மேலே இருப்பவர் கமிஷனில் உட்கார்ந்து சாப்பிடலாம். பெயிண்டர் இரண்டு நாள் குனிந்து வட்டம் வட்டமாக எழுதினார். எழுதி முடித்தபோது அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. தன் கையால் எழுதியது எதுவும் அதுவரை பொய்யாக இருந்ததில்லையே.

ஒரே ஒரு நிபந்தனை அவரை உறுத்தியது. ஆள் கூப்பிடும்போது டானிக் என்று வாயைத் திறக்கக் கூடாதாம். மெட்ராஸிலிருந்து ஆபீசர் வந்திருக்கிறார், வேலை இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல வேண்டுமாம். அது பொய்யாயிற்றே என்று பெயிண்டர் கேட்டார். ஆள் சேர்ப்பதும் ஒரு வேலைதானே என்றார் சூட்கேஸ்காரர். பெயிண்டர் ஒரு நாள் முழுக்க யோசித்து, ஆமாம், வேலைதான் என்று முடிவுக்கு வந்தார். மற்றவர்கள் சொல்லியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பார்கள். பெயிண்டர் சொன்னதால் யாரும் கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த ஆள் அவரைத் தேடி வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். நானும் போயிருந்தேன். மண்டகப்பட்டிலிருந்து கஸ்தூரி என்ற பெண் வந்திருந்தாள். ரைஸ் மில்லில் கூலி வேலை. இஸ்திரி போட்ட புடவையோடு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருந்தாள். சூட்கேஸ்காரர் இரண்டு மணி நேரம் பேசினார். நடுநடுவே நாங்கள் கை தட்ட வேண்டும். கடைசியில் கஸ்தூரி எழுந்து கேட்டாள்:

"ஆர்டர் எப்ப சார் குடுப்பீங்க?"

"சேந்துட்டா நீயே ஆர்டர் எடுக்கலாம்மா."

எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். அடுத்த வாரம் மில் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

நானும் சேர்ந்தேன். திண்டிவனத்தில் வேலையில்லாமல் இருந்த என் அக்கா வீட்டுக்காரருக்கு, மெட்ராஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை என்று கடிதம் எழுதினேன். டானிக் விஷயம் எனக்கு அப்போது நன்றாகவே தெரியும்.

இரண்டு மாதம் கழித்து கஸ்தூரி கடைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவள் சத்தம் போடவில்லை.

"அண்ணா, எங்க ஊர்ல இனிமே சேக்கறதுக்கு ஆளே இல்ல. நான் சேத்துவுட்டவங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

அவள் போனதும் பெயிண்டர் கடைச் சுவரில் புள்ளி வைக்க ஆரம்பித்தார். ஒன்று, அதன் கீழ் ஆறு, ஆறுக்கும் ஆறாறு. ஸ்டூலில் ஏறி வைத்தார், இறங்கி வைத்தார், மண்டி போட்டு வைத்தார். ஐந்தாவது வரிசை பாதியில் இருக்கும்போதே சுவர் தீர்ந்துவிட்டது.

"சார், கடைசி வரிசைல இருக்கிறவன் யாரப் போய்க் கூப்டுவான்?"

பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவி வைத்தார்.

"அப்ப நான் சொன்னது பொய்தான்," என்றார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். தான் சேர்த்தவர்கள், அவர்கள் சேர்த்தவர்கள் என்று பஸ் பஸ்ஸாக ஏறி ஊர் ஊராகப் போனார். சேர்ப்பதைவிடக் கலைப்பது கஷ்டமாக இருந்தது. தளவானூரில் ஒருவர், நீ மட்டும் மேலே போகப் பார்க்கிறாயா என்று சண்டைக்கு வந்தார். இன்னொருவர், இதுவும் கம்பெனியின் புது டெக்னிக் போலிருக்கிறது என்று மெச்சி, காபி கொடுத்து அனுப்பினார். வேறு வழியில்லாமல் பெயிண்டர் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பெரிய போர்டு எழுதிக் கடை வாசலில் மாட்டினார். 'மெட்ராஸ் கம்பெனியில் வேலை என்று நான் சொன்னது பொய். யாரும் சேர வேண்டாம். இப்படிக்கு, பெயிண்டர்.' அவமானத்தை எழுதும்போதும் எழுத்துக்கு நிழல் கொடுக்க அவர் மறக்கவில்லை.

சூட்கேஸ்காரர் வந்தார். கேஸ் போடுவேன் என்று குதித்தார். பெயிண்டர் பிரஷ்ஷோடு எழுந்து நின்றார்.

"எந்த எழுத்து தப்புன்னு சொல்லுங்க சார், அழிச்சிடறேன்."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சூட்கேஸ்காரர் போர்டை இரண்டு தடவை படித்தார். பிறகு கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டார். செஞ்சிப் பக்கம் மறுபடி அவரைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

கஸ்தூரிக்காக ரைஸ் மில் வாசலில் நான்கு நாள் நின்றார் பெயிண்டர். என்னால்தான் அந்தப் பெண் வேலையை விட்டது, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி வரும்போதும் போகும்போதும் அதையே சொன்னார். ஐந்தாம் நாள் அவர் தொல்லை தாங்காமல் முதலாளி அவளைக் கூப்பிட்டுக்கொண்டார். சேர்ந்தவர்களுக்குப் போட்ட பணம் திரும்பவில்லை. டானிக் மட்டும் வீட்டுக்கு வீடு வருஷக்கணக்கில் இருந்தது.

என் கடிதத்தை நம்பிப் பணம் கட்டி ஏமாந்த அக்கா வீட்டுக்காரர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். திடீரென்று ஒருநாள் அவரே ஆபீசுக்கு வந்து, சாப்பிட்டாயா என்று விசாரித்தார். ஏன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பத்து வருஷம் கழித்துத்தான் அவரே சொன்னார். பெயிண்டர் திண்டிவனத்துக்குப் போயிருக்கிறார். "ஒங்க மச்சானுக்கு ஒண்ணுமே தெரியாது சார். நான் வேலன்னு சொன்னத நெஜம்னு நம்பி ஒங்களுக்கு எழுதிட்டாரு. தப்பு என்னுது," என்று கைகட்டி நின்றாராம். "பெரிய புளுகன்தான், ஆனா வந்து ஒத்துக்கிட்டான்," என்றார் அக்கா வீட்டுக்காரர்.

அவரை அப்படியே நினைக்கவிட்டால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனாலும், டானிக் என்று தெரிந்தேதான் எழுதினேன் என்று அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த மனிதரைப் புளுகன் என்று ஒரே ஓர் ஆள் நினைத்துக்கொண்டிருப்பதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.