காட்டு அலுவலகக் கணினி கடகடத்த கதை

ஒரு காட்டில் ஒரு கணினி இருந்தது. காட்டில் சிங்கம் இருக்கலாம், கரடி இருக்கலாம், கணினிக்கு என்ன வேலை என்று கேட்பவர் இதுவரை எந்தச் சான்றிதழுக்கும் அலையாத புண்ணியவானாக இருக்க வேண்டும். அந்தக் காட்டில் குட்டி போட்டாலும் சான்றிதழ், புதர் மாறினாலும் சான்றிதழ். அத்தனையையும் அடித்துக் கொடுப்பவள் வடிவு என்கிற கீரி. கெட்டிக்காரி. ஆனால் தற்காலிகப் பணி, அதுவும் ஆறு வருடமாக. வருகிற திங்கட்கிழமை சிங்கராஜா ஆய்வுக்கு வரும்போது அவளை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடுவார் என்று பேச்சு.

இந்த நேரம் பார்த்துத்தான் வந்தது வினை. ஆயுதபூஜை விடுமுறை முடிந்து புதன்கிழமை கணினியைப் போட்டதும், சிபியூ பெட்டிக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம். வாசலில் சான்றிதழுக்கு நின்ற முயல்கள் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் ஓடினால் வரிசை போய்விடுமே என்று நின்றார்கள்.

அலுவலகக் கண்காணிப்பாளர் எருமை. அவர் காதை ஆட்டிக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் வடிவைத்தான் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அவள் இடத்துக்கு ராஜாவின் மைத்துனர் சிறுத்தை தயாராக இருந்தார். தயாராக என்றால், புதன்கிழமை மத்தியானமே நாற்காலியின் உயரத்தைத் தன் வசதிக்குக் குறைத்து வைத்துவிட்டார்.

விசாரணை தொடங்கியது. மரங்கொத்தியை மெக்கானிக் என்று அழைத்து வந்தார்கள். அவர் பெட்டியை நாலு பக்கமும் கொத்திப் பார்த்துவிட்டு, உள்ளே புழு எதுவும் இல்லை, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்று சொல்லிப் போய்விட்டார். அந்தக் காட்டில் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. சிறுத்தை, அந்தப் பெண் எழுத்துகளை ரொம்ப அழுத்தி அடிக்கிறாள், அதுதான் காரணம் என்றார். எருமை அதையும் குறித்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் என்ன என்று வடிவு கேட்டாள். திறக்கலாம்தான். ஆனால் திருகாணியின் மேல் அலுவலகச் சொத்து எண் போட்ட சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பிரிக்க அனுமதிப் படிவம் வேண்டும். படிவம் கணினிக்குள் இருந்தது. சத்தத்தின் காரணம் தெரியும்வரை கணினியில் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று எருமை உத்தரவு போட்டிருந்தார். தினமும் காலையில் ஒரு தடவை போட்டு, சத்தம் வருகிறதா என்று கேட்டு, வருகிறது என்று பதிவேட்டில் எழுதி அணைத்துவிடுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வடிவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது வரிசையில் மூன்றாவதாக நின்ற ஆமை மெதுவாகக் கூப்பிட்டது. குடியிருப்புச் சான்றுக்கு வந்த ஆமை அது. வீட்டை முதுகில் வைத்துக்கொண்டு, இருப்பிட முகவரி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றது.

"தாயி, நாலு நாளா இங்கதான் நிக்கிறேன். இந்த ஆபீஸ்ல எந்த வரிசையும் நகரல. உன் மேசைக்குக் கீழ போற அந்த எறும்பு வரிசை மட்டும்தான் நகருது."

வடிவு குனிந்து பார்த்தாள். எறும்புகள் பெட்டியின் பின்பக்க ஓட்டை வழியாகச் சும்மா உள்ளே போயின. வெளியே வரும்போது ஒவ்வொன்றும் தலைக்கு மேல் வெள்ளையாக ஏதோ தூக்கி வந்தது. ஒன்றை நிறுத்தி வாங்கிப் பார்த்தாள். பொரி.

பூஜையன்று நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்ததோடு விட்டிருக்கலாம். பக்தி முற்றி, ஒரு படி பொரியும் பொட்டுக்கடலையும் அதன் தலையில் கொட்டிவிட்டார்கள். மேலே காற்றுப் போக வைத்திருந்த ஓட்டைகள் வழியாக எல்லாம் உள்ளே இறங்கி, பொட்டுக்கடலை விசிறியில் மாட்டிக்கொண்டு கடகடக்கிறது. காரணம் கிடைத்த சந்தோஷத்தில் வடிவு ஒரு குதி குதித்தாள். குதித்தபோது கணினிக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த படம் கண்ணில் பட்டது. சட்டம் போட்ட பெரிய படம். அதில் சிங்கராஜா சிரித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பெட்டியின் மேல் பொரியைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்றுதான் நான்கு நாளாக எல்லோரும் காரணம் தேடியிருக்கிறார்கள். வடிவு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ராஜா வந்தார். கணினியைப் போட்டார்கள். கடகடகட. என்ன காரணம் என்று ராஜா கேட்டார். எருமை வடிவைப் பார்த்தார். சிறுத்தை நாற்காலியைப் பார்த்தார்.

வடிவு கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "ராஜா, அன்னிக்கு நீங்க உங்க கையால ஊட்டின பொரியத்தான் இது இன்னும் மென்னுக்கிட்டிருக்கு. பிரசாதம் ஆச்சே, ஒரேயடியா முழுங்க மனசு வரல போல."

ராஜா பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். கண் கலங்கிவிட்டது. இத்தனை வருட ஆட்சியில் தான் கொடுத்ததை இவ்வளவு நன்றியோடு தின்ற குடிமகன் யாருமே இல்லை என்றார். அங்கேயே வடிவின் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார். இனி வெள்ளிக்கிழமைதோறும் கணினிக்குப் பொரி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பொரி வழங்கல் அலுவலர் என்று ஒரு புதுப் பதவியை உண்டாக்கி மைத்துனருக்குக் கொடுத்தார். சிறுத்தைக்கும் சந்தோஷம், உட்கார வேறு நாற்காலி கிடைத்தது.

வடிவு எறும்புகளோடு பேசி முடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கொட்டுவதை அடுத்த வியாழக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும், பொட்டுக்கடலை ஒன்றுக்கு எட்டுப் பேர் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. ஆமைக்குச் சான்றிதழ் கிடைத்தது. இருப்பிட முகவரி என்ற கட்டத்தில், 'காட்டு அலுவலக வரிசை, மூன்றாவது இடம்' என்று வடிவே அடித்துக் கொடுத்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு வாரம் எறும்புகள் கொஞ்சம் சுறுசுறுப்பாக வேலை பார்த்து, செவ்வாய்க்கிழமையே பெட்டியைக் காலி செய்துவிட்டன. புதன்கிழமை கணினி சத்தமே இல்லாமல் ஓடியது. எருமை பதறிப்போய் ராஜாவுக்குக் கடிதம் எழுதினார்: கணினி சாப்பிட மறுக்கிறது, என்ன வருத்தமோ தெரியவில்லை, விசாரிக்க ஒரு குழு அமைக்க வேண்டும்.

நீதி: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தாராளமாகத் தேடுங்கள். கண்டுபிடித்ததும், சுவரில் யார் படம் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாயைத் திறக்கவும்.