அறுபது நாற்காலியும் மூன்று கொட்டேஷனும்

மட்டாஞ்சேரி,
மார்ச் மாதக் கடைசி வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்புள்ள மச்சான் ரயீஸுக்கு நூர் முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். பாலக்காட்டில் நீயும் பர்ஸானாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்புரியட்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. நாற்காலிக்கு மேல் நாற்காலி அடுக்கி, அதன் உச்சியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடையில் வேறு இடம் இல்லை.

முதலில் ஒரு நல்ல செய்தி. நீ ஒரு வியாபாரி. மட்டாஞ்சேரியில் 'ரயீஸ் அண்ட் கோ' என்று உனக்கு ஒரு கம்பெனி ஒன்பது வருடமாக நடக்கிறது. லெட்டர்பேடு உண்டு, ரப்பர் ஸ்டாம்பு உண்டு. இதுவரை ஓர் ஆர்டர்கூடக் கிடைத்ததில்லை. மனசு விட்டுவிடாதே, கிடைக்காமல் பார்த்துக்கொண்டது நான்தான். அரசுப் பள்ளி வாத்தியார் வியாபாரம் செய்யலாமா என்று பதறாதே. ஒரு பைசா லாபம் பார்க்காத உன்னை யார் என்ன கேட்க முடியும்?

இங்கே அரசு கல்லூரியில் சாமான் வாங்கும் முறை அப்படி. துடைப்பமோ பீரோவோ, எதுவானாலும் மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் விலையை எழுதி, கவரில் போட்டு ஒட்டித் தர வேண்டும். குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர். நல்ல சட்டம்தான். ஆனால் ஸ்டோர் கீப்பர் சுதர்ஷன் மூன்று கடை ஏறி இறங்குகிற ஆளா? ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே சொல்வார்: "இக்கா, மார்ச்சு முடியப்போகுது. பண்டு திரும்பிப் போயிரும். மூணு கொட்டேஷனும் நிங்களே கொண்டாங்க."

கொண்டுபோனேன். ஒன்று என்னுடையது. இன்னொன்று உன் அக்கா பெயரில் 'நசீபா ஏஜென்சீஸ்'. மூன்றாவது உன்னுடையது. என் விலை குறைவு, அக்கா விலை கூடுதல், உன் விலை அநியாயம். உன் கையெழுத்தை என் மகள் நௌரின் இடது கையால் போடுவாள். உன்னுடையதைவிட அழகாகவே இருக்கும்.

இந்த வருடம் பரீட்சை ஹாலுக்கு அறுபது நாற்காலி. ஆர்டர் எனக்குத்தானே என்று களமசேரியில் முன்கூட்டியே வாங்கி இறக்கிவிட்டேன். அந்த வாரம் தோப்பும்படியில் ஒரு கல்யாணம். பிரியாணிப் பந்தியில் உன் அக்காவுக்குப் பக்கத்தில் கல்லூரி பிரின்சிபால் ஸ்வர்ணலதா டீச்சர் வந்து உட்கார்ந்தார். பெயரைக் கேட்டதும், "அய்யோ, நசீபா ஏஜென்சீஸா? ஒரு பக்கெட்டுக்கு அந்த விலை போட்டது நீங்கதானா? ஸ்டாப் ரூம்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்" என்றார்.

உன் அக்கா பாதிப் பந்தியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். "ஒம்பது வருசமா என் பேரக் கொள்ளைக்காரின்னு ஊரெல்லாம் பரப்பி வெச்சிருக்கீங்க?" என்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அது உன் பேரு இல்ல நசீபா, கம்பெனி பேரு" என்றேன்.

"இந்த வீட்ல இன்னொரு நசீபா இருக்காளா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் சாயா கேட்டேன். கவர் ஒட்டுகிற வேலை வீட்டில் எப்போதும் அவளுடையதுதான் என்பதை அன்று நான் யோசிக்கவே இல்லை.

கவர் பிரிக்கும் நாளில் ஸ்டோரில் பழம்பொரியைக் கடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். சுதர்ஷன் வாசித்தார். உன் விலைக்கு வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து என் விலை. பிறகு நசீபா ஏஜென்சீஸ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். "இக்கா, நிங்க தோத்துப் போயாச்சு."

"சுதர்ஷா, அது சும்மா எழுதினதுப்பா."

"சும்மா எழுதினதுக்கு சீல் இருக்கே. வேணாம்னா மூணும் கள்ளக் கொட்டேஷன்னு எழுதணும். எழுதட்டா?"

வேண்டாம் என்று சொல்லி, பழம்பொரியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

போகட்டும், நாற்காலியை என்னிடம்தானே வாங்கியாக வேண்டும் என்று நினைத்தேன். உன் அக்கா, "வாங்கலாமே. ஆனா மூணு கொட்டேஷன் வேணும். கவர்ல போட்டு ஒட்டிக் கொடுங்க" என்கிறாள். கட்டின புருஷனிடம்! மற்ற இரண்டையும் நிஜமான கடைகளில் போய் வாங்கியிருக்கிறாள். நிஜமான மூன்று கொட்டேஷனை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதில் என் விலைதான் கொள்ளை விலை.

இந்த நாற்காலிகள் விற்காவிட்டால் நான் தொலைந்தேன். கடைக்கு வருகிறவர்கள் உட்காருகிறார்கள், ஒன்றும் வாங்குவதில்லை. ஆகவே அடுத்த ரயிலிலேயே புறப்பட்டு வந்து, உன் அக்காவை அந்த ஆர்டரை விட்டுவிடச் சொல். வியாபாரம் பெண்பிள்ளைக்கு ஆகாது, அதில் எத்தனை கள்ளத்தனம் இருக்கிறது என்று எடுத்துச் சொல்.

பர்ஸானாவுக்கு சலாம், பிள்ளைகளுக்கு துஆ. உன் கம்பெனிக்கும் பரக்கத் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உன் மச்சான்தான்,
நூர் முகம்மது

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தை மடிப்பதற்குள் உன் அக்கா வண்டியோடு வந்துவிட்டாள். விலையைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், களமசேரியில் கொடுத்ததற்கும் கீழே போனேன். அறுபதையும் ஏற்றிக்கொண்டாள், நான் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து. இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். டீச்சர் அவளை போனில் கூப்பிட்டு, இவ்வளவு நியாயமான ஆளா நீங்கள் என்றாராம். அவள் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அவளிடம் சொல்லிவிடாதே. கல்லூரியில் இன்னும் கொஞ்சம் பண்டு மிச்சமாம், பீரோ வாங்க வேண்டுமாம். சுதர்ஷன் இந்தத் தடவை அவளிடம் வந்து, "இத்தா, மூணு கொட்டேஷனும் நிங்களே கொண்டாங்க" என்றார். சரி என்றுவிட்டாள். ஒன்று அவளுடையது, மற்ற இரண்டும் நாம். என் விலையையும் அவளே எழுதி ஒட்டிவிட்டாள். இனி ஸ்டாப் ரூமில் என் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். தோற்பதில் உனக்கு ஒன்பது வருட அனுபவம் இருக்கிறது மச்சான், முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று உடனே எழுது.