மாடிப் புல்லும் கீழ்வீட்டு மழையும்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, நேராக மொட்டைமாடியைக் கண்டுபிடித்தது. மூன்றாவது கண்டுபிடிப்பின் பெருமை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரையே சேரும். எங்கோ ஒரு கருத்தரங்கில், சாப்பாட்டுக்குப் பின் அவர் கண்ணயர்ந்திருந்தபோது 'பசுமைக் கூரை' என்ற சொல் காதில் விழுந்தது. விழித்துக்கொண்டார். அதற்கப்புறம் கட்டடத்தில் யாரையும் தூங்கவிடவில்லை.

அவருடைய மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, அதே கட்டடத்தின் கடைசி மாடியில் இருந்தாள். தையல்காரி. கூடத்தில் பாதியைத் துணி வெட்டும் மேசையும் மீதியைத் தையல் மெஷினும் பிடித்துக்கொண்டதால், விருந்தாளிகள் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள். அந்த ஆண்டு ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை முழுவதையும் தைத்துத்தர ஒப்புக்கொண்டிருந்தாள். அத்தனையும் வெள்ளைச் சட்டை.

சங்கக் கூட்டத்தில் செயலாளர் பசுமையைப் பற்றிப் பேசியதும் எல்லோருக்கும் புல்லரித்தது. இவள் மட்டும் எழுந்தாள்.

"மேல மண்ணக் கொட்டித் தண்ணி ஊத்தினா, அந்தத் தண்ணி எங்க போகும் அத்தான்?"

"செடிக்குப் போகும்."

"செடி குடிச்சது போக மிச்சம்?"

"செடி மிச்சம் வைக்காதும்மா. அது என்ன மனுஷனா?"

கைதட்டல் கிளம்பியது. தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. அந்த ஏக மனம் செயலாளருடையது.

தளத்துக்கு முதலில் தண்ணீர் இறங்காத பூச்சு பூச வேண்டும் என்றார் கொத்தனார். பூச்சு மண்ணுக்கு அடியில் போய்விடும், யார் கண்ணிலும் படாது. ஆகவே, பூச்சுக்குப் பதிலாக ஊரே பார்க்கும்படி பளபளவென்று ஒரு பெயர்ப்பலகை வைக்கப்பட்டது. மூட்டை மூட்டையாக மண் ஏறியது. புல் விரிந்தது. 'புல்லை மிதிக்காதீர்' என்ற அறிவிப்பும் முளைத்தது.

சில நாட்களில் தையல்காரியின் வீட்டு உட்கூரையில் வரைபடம்போல ஓர் ஈரத்திட்டு படர்ந்தது. அத்தானை அழைத்துக் காட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அருங்காட்சியகத்தில் நிற்பவரைப்போல அண்ணாந்து பார்த்தார்.

"இது கசிவு இல்லம்மா. குளிர்ச்சி."

"சொட்டுது அத்தான்."

"குளிர்ச்சி ஜாஸ்தியானா சொட்டத்தான் செய்யும்."

"வேற எங்கேருந்து வருது, சொல்லுங்க. மேல தோட்டம்தானே இருக்கு?"

"தோட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வேணும்னா ஒரு குழு போட்டு விசாரிப்போம்."

குழு போடப்பட்டது. அதன் தலைவரும் அவரே. 'மாடித் தோட்டத்துக்கும் கீழ்வீட்டு ஈரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஈரம் வீட்டுக்காரரின் சொந்த முயற்சி' என்று குழு கண்டறிந்தது. அக்கா நடுவில் புகுந்து கணவரிடம் கேட்டுப் பார்த்தாள். "சொந்தபந்தம் பார்த்தால் பொதுக்காரியம் நடக்குமா?" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் வெள்ளைச் சட்டை தைக்காதவர். ஒருநாள் அடுக்கிவைத்த சட்டைகள்மேல் செம்மண் தண்ணீர் ஒழுகி, கறை ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்குவோம்" என்று சொல்லிப் போனார். தையல்காரி அழவில்லை. கறைபட்ட சட்டைகளை ஒதுக்கிவிட்டு, ஒழுகும் இடத்துக்கு நேரே ஒரு வாளியை வைத்தாள்.

மேலேயோ வேறொரு சோகம். ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் விரிசல் வழியே கீழே போய்விட, புல் காய்ந்து பழுப்பானது. "வாடுது, இன்னும் ஊத்துங்க" என்றார் செயலாளர். ஊற்ற ஊற்ற மேலே பாலைவனம், கீழே நீர்வீழ்ச்சி.

கட்டடத்திலேயே ஈரம் இல்லாத இடம் இப்போது மாடித் தோட்டம்தான் என்று தையல்காரிக்குப் புரிந்தது. மெஷினையும் மேசையையும் மேலே ஏற்றினாள். ஒரு பெரிய குடையை விரித்துக் கட்டி, அதன் நிழலில் மிச்சமிருந்த துணியில் சட்டைகளை மறுபடி முதலிலிருந்து தைக்கத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து, செயலாளர் பெயர் கொடுத்திருந்த 'சிறந்த பசுமை மாடி' போட்டியின் நடுவர் வந்து சேர்ந்தார். பின்னாலேயே குடியிருப்பு மொத்தமும் படியேறியது. நடுவர் காய்ந்த புல்லையும் கடகடவென்று ஓடும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல தோட்டம் எதுங்க?"

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள்.

"தோட்டம் பாக்கணும்னா என் வீட்டுக்கு வாங்க சார். என் வீட்டப் பாக்கணும்னாதான் இங்க வரணும்."

கீழே போனார்கள். சுவரெல்லாம் பட்டுப்போலப் பாசி. மூலையில் குடைவிரித்த காளான்கள். கூரை விரிசலிலிருந்து பச்சைப்பசேல் என்று ஒரு கொத்துப் புல் தொங்கி, நுனியில் முத்துப்போல நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவர் மெய்ம்மறந்தார்.

"அற்புதம்! இப்படி ஒரு தோட்டத்த நான் பாத்ததே இல்ல. பரிசு இதுக்குத்தான். ஆனா ஒண்ணு தெரியணும். இது இந்த அம்மாவோட தோட்டமா, சங்கத்தோடதா? தண்ணி யாரோடது?"

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் தையல்காரி. "குழு போட்டு விசாரிச்சாங்க. அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம்."

பரிசு மச்சினி பக்கம் சாய்வதைக் கண்ட செயலாளர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்.

"யார் சொன்னது? எல்லாம் எங்க தண்ணிங்க! எங்க மண்ணு, எங்க புல்லு! நான் முன்னால நின்னு ஊத்தச் சொன்னது!"

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க அத்தான். பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவர் சத்தமாகச் சொன்னார். கை தட்டுவார்கள் என்று காத்தும் நின்றார். கடைசியில் அவர் மனைவியின் குரல்தான் வந்தது.

"அப்போ அவ சட்டையெல்லாம் பாழாப்போனதும் உங்களாலதானேங்க?"

அந்த வாரமே மண் கீழே இறங்கியது, பூச்சு மேலே ஏறியது. பாழான துணிக்குப் பதில் புதுத்துணி சங்கமே எடுத்துக் கொடுத்தது. சீருடைகள் குறித்த நாளில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தன.

பரிசுக் கேடயம் செயலாளருக்கே கிடைத்தது. 'கடைசி மாடி வீட்டில் வளர்ந்த அனைத்துக்கும் இவரே பொறுப்பு' என்று அதில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அந்த வாக்குமூலத்தைத் தன் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டி, தினமும் காலையில் துடைத்து வைக்கும் மகான் இவர் ஒருவர்தான்.