ஐந்து யார்?

மூன்றாவது முறையும் குள்ளம்மாள் ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணி எட்டில் முடித்தாள். விரல் மெதுவாக ஊர்ந்தது. வாய் ரயில் வேகத்தில் ஓடியது.

எழிலரசிக்குக் காது சூடேறியது. சின்னப் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு அரூரில் பயிற்சி. நாற்பது பேரில் ஒருவர் குழந்தையாக நடிக்க வேண்டும். பயிற்றுநரான எழிலரசி அவருக்கு ஐந்தைப் புரியவைத்துக் காட்ட வேண்டும். நான்கு மணிக்கு அதிகாரி அர்ச்சுனன் வருகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பயிற்றுநர் பட்டியலில் எழிலரசியின் பெயர் இருக்காது. ஏற்கெனவே இரண்டு பேரை நீக்கிவிட்டிருந்தார்.

குழந்தையாக வரக் கை தூக்கியவள் குள்ளம்மாள். வருகைப் பதிவேட்டில் காலையில் பார்த்த பெயர், அவ்வளவுதான். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

எழிலரசி ஒவ்வொரு கொட்டையாக நகர்த்தி எண்ணச் சொன்னாள். சரியாக ஐந்து வந்தது. மொத்தம் எத்தனை என்று கேட்டாள். குள்ளம்மாள் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

"கடைசியா என்ன சொன்னியோ, அதுதான் பதில்."

குள்ளம்மாள் கடைசிக் கொட்டையைத் தொட்டாள். "அஞ்சு."

"சரி. எனக்கு அஞ்சு குடு."

அந்த ஒரு கொட்டையை மட்டும் எடுத்து நீட்டினாள்.

எழிலரசி கொட்டைகளைக் கலைத்துப் போட்டாள். குள்ளம்மாள் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஐந்து காணாமல் போய்விட்டது என்று உதட்டைப் பிதுக்கினாள். பின்வரிசையில் யாரோ தண்ணீர் குடித்துப் புரையேறினார்.

கொட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதுதான் கோளாறு என்று எழிலரசிக்குத் தோன்றியது. ஐந்து ஆசிரியர்களை வரிசையாக நிறுத்தினாள். குள்ளம்மாள் எண்ணினாள். கடைசியில் நின்றவர் ஆரோக்கியராஜ். அவரை முதல் ஆளாக மாற்றி நிறுத்தியும் பலனில்லை. அங்கே போயும் அவர்தான் ஐந்து என்று சாதித்தாள்.

நிற்க முடியாமல் ஆரோக்கியராஜ் நழுவிய நேரத்தில் அர்ச்சுனன் உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்தார்.

"என்ன நடக்குது?"

"ஐந்து, சார்" என்றாள் எழிலரசி.

"நாலு பேர்தானே நிக்கறாங்க. அஞ்சு எங்க?"

குள்ளம்மாள் வாசலைக் காட்டினாள். "அஞ்சு டீ குடிக்கப் போயிருச்சுங்க."

கூடம் அதிர்ந்தது. அர்ச்சுனன் சிரிக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்து நெடுநேரம் எழுதினார். எழிலரசி கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

"ஆறு ஊர் பார்த்துட்டேன்" என்றார். "குழந்தையா நடிங்கன்னா எல்லா வாத்தியாரும் வாத்தியார் மாதிரியே கடகடன்னு எண்றாங்க. ஒரு பிள்ளை எப்படித் தடுமாறும்னு இங்கதான் பார்த்தேன். அடுத்த மாசம் மாவட்டத்துக்கே நீங்க பயிற்சி குடுங்க. இந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

எழிலரசி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு அவள் குள்ளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பெயரைக் காப்பாற்றிவிட்டீர்கள், இப்படி நடிக்க எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள்.

குள்ளம்மாள் பையைத் தோளில் மாட்டினாள்.

"நடிப்பா? மொரப்பூர்ல ஒண்ணாங்கிளாஸ்ல உன் பக்கத்துலதான் எழிலு உக்காந்திருந்தேன். இன்னிக்குச் சொன்னது பூராவும் அன்னிக்கு நீ சொன்னதைக் காப்பியடிச்சுச் சொல்லி நான் அடி வாங்குனது."