நீலத் தொட்டிக்கு நல்ல தண்ணீர்

சண்டிலிப்பாய்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

என்றும் அன்பு குறையாத மகாதேவி அக்காவுக்கு,

தம்பி தியாகலிங்கம் எழுதுவது. நானும் பூரணமும் சுகம். உங்கள் முழங்கால் நோவு தணிந்திருக்கும் என்றும், அத்தான் நோர்வே நாட்டுப் பேர்கன் மழையிலும் நடக்கப் போவதை விடவில்லை என்றும் நம்புகிறேன். எங்கள் மகள் கஜானியை மூன்று மாதம் வீட்டில் வைத்துச் சோறு போடுவதற்கு நன்றி சொன்னால் கோபிப்பீர்கள், ஆகையால் சொல்லவில்லை. இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் கைப்பேசியை எடுத்துப் படங்களை ஒழுங்குபடுத்தித் தருவது கஜானிதான் என்று சென்ற முறை நீங்களே சொன்னீர்கள். அதனால் நாளை உங்கள் ஊருக்கு விமானம் ஏறும் நிருஷனிடம் கொடுத்து விடுகிறேன். வாசித்துவிட்டு, அவள் வயிறாரச் சாப்பிட்டுக் கைகழுவும் நேரமாகப் பார்த்து, விஷயத்தை நீங்கள்தான் மெல்ல எடுத்துச் சொல்ல வேண்டும். விஷயம் இதுதான்: அவள் ஆராய்ச்சிக்கு வளர்த்த மீன்களில் சில செத்துவிட்டன, மிச்சம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இரண்டும் என் பொறுப்பில் இருந்தபோது நடந்தவை.

அவள் அங்கே என்ன படிக்கிறாள் என்று உங்களுக்கு விளங்கியிருக்குமோ தெரியாது. எனக்கே அவள் பல தடவை சொன்ன பிறகுதான் விளங்கியது. அராலிக் கடல்நீரேரியில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் இருக்கிறது. எங்கள் ஊர்க் குளத்திலும் அதே அளவில், அதே முகத்தோடு ஒரு மீன் இருக்கிறது. இரண்டுக்கும் ஊரில் பெயர் கிடையாது, சட்டிக்கு வராத மீனுக்கு யார் பெயர் வைப்பார்கள்? "அப்பா, ஒரு காலத்திலை ரெண்டும் ஒரே மீன்தான். இடையிலை மணல் மேடு விழுந்து, கொஞ்சம் உப்புத் தண்ணியிலையும் கொஞ்சம் நல்ல தண்ணியிலையும் மாட்டுப்பட்டுப் போச்சு. ஆயிரக்கணக்கான வருசம் போனாப் பிறகு இப்ப பக்கத்திலை விட்டாலும் சோடி சேருதில்லை. மரபணுவிலை எது மாறினபடியால் ரெண்டாப் பிரிஞ்சதுகள் எண்டு பாக்கிறன்" என்றாள். பஸ் டிப்போவில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்தவனுக்கு இது விளங்காமல் போகாது. ஒரே டிப்போவிலிருந்து வெளிக்கிட்ட இரண்டு பஸ் எந்தச் சந்தியில் பிரிந்தன என்று தேடுகிறாள். இரண்டு இனத்துக்கும் பிறக்கும் குஞ்சுகள் கிடைத்தால், எந்த மாற்றம் எந்தப் பக்கத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்கலாமாம். இரண்டு வருடமாக ஒரு சோடியும் அகப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் தொட்டி அறையைத் திருத்துகிறார்கள் என்று எல்லாவற்றையும் எங்கள் பின்விறாந்தைக்குக் கொண்டுவந்தாள். சிவப்பு மூடித் தொட்டியில் குளத்து மீன், நீல மூடித் தொட்டியில் கடல்நீரேரி மீன். அங்குள்ள ஆய்வுகூடத்தில் மரபணு பார்க்க ஒவ்வொன்றிலும் வாலில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு, மீன்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டு உங்களிடம் வந்தாள். வாசலில் நின்று, "ரெண்டையும் கலக்க மட்டும் விட்டிடாதேங்கோ அப்பா. முகத்தைப் பாத்து ஆராலும் பிரிக்கேலாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நீலத் தொட்டிக்குக் கிழமைக்கொரு தரம் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுப் புது உப்புத் தண்ணீர் விட வேண்டும். அதை அராலியிலிருந்து கலனில் கொண்டுவருபவர் எமில்ராஜ், கரைவலைக்காரர். "ஐயா, மீனை என்னட்டை வாங்குங்கோ, தண்ணி சும்மா தாறன். நீங்கள் தண்ணியை வாங்கி மீனைச் சும்மா வச்சிருக்கிறியள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிச் சிரிப்பார். சென்ற புதன்கிழமை குறித்த நேரத்துக்கு நான் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டேன். வண்டி வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்களை இறக்க வேண்டும் என்பது டிப்போவில் எனக்குத் தெரிந்திருந்தது, வீட்டில் தெரியவில்லை. எமில்ராஜின் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டது, நாளைக்குத்தான் வருவேன் என்று அழைத்துச் சொன்னார். மீன்கள் மிச்சத் தண்ணீரில் நெருக்கியடித்து வாயைத் திறந்தன. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காணிச் சீவரத்தினம் அண்ணை வெங்காயத்துக்கு இறைத்துவிட்டு வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன தியாகு, உதுகளை வெயிலிலை காயப் போட்டிருக்கிறாய்?" என்றார். உப்புத் தண்ணீர் வரவில்லை என்றேன். "உவர்த் தண்ணிக்கு என்ரை மிளகாய்க் கண்டே கருகிப் போகுது, உந்தப் பச்சை மண்ணுகள் என்ன செய்யும்? எங்கடை கிணத்துத் தண்ணியைக் குடிச்சு இந்த ஊரிலை ஆராவது செத்தவனே?" என்று கேட்டார். பூரணமும், "ஓம், நானும் எத்தினை நாளாச் சொல்லுறன். வீட்டுக்கு வந்த சீவனுக்கு உப்புத் தண்ணி குடுக்கிறது பாவமெல்லோ" என்றாள். அக்கா, எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கொழும்பிலிருந்து வருபவர்கள் போத்தலில் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தத் தண்ணீர் ஒரு உயிரைக் கொல்லும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. சீவரத்தினம் அண்ணை மிசினை முடுக்கிக் குழாயை வேலிக்கு மேலால் நீட்டினார். தொட்டி நிரம்பியது. மீன்கள் துள்ளின. சந்தோசத்தில் துள்ளுவதாக நாங்கள் மூவரும் ஒத்துக்கொண்டோம்.

பின்னேரம் நாலைந்து மிதந்தன. நான் எடுத்தெடுத்து வாழையடியில் புதைத்தேன். பூரணம் அழுதாள், அழுதபடியே குசினிக்குப் போய் உப்புப் போத்தலோடு வந்தாள். எமில்ராஜ் முன்பு கொண்டுவந்த கலனின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள், தொட்டித் தண்ணீரையும் பார்த்தாள். "காணாது" என்று ஒரு பிடி போட்டாள். பிறகும் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்க வேணும்" என்றாள். வயிற்றுக்கு ஒவ்வாது, துப்பு என்றேன். "பேசாமல் நில்லுங்கோ, ருசி மாறிப்போம்" என்றாள். அவள் சரிபார்த்து முடிக்கும்வரை மிச்ச மீன்களை ஒரு பேசினில் எடுத்து வைத்திருந்தேன். கரண்டி தேட நான் குசினிக்குள் போய் வருவதற்கிடையில் சீவரத்தினம் அண்ணை பேசினைத் தூக்கிச் சிவப்புத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார். "தனிய கிடந்து பயப்பிடுதுகள். சொந்தக்காரரோடை கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார். ஒரு குறையும் இல்லாத மனிதர், உங்களுக்குத் தெரியும். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பூரணத்துக்கு வந்தது.

அன்றிலிருந்து நான் விறாந்தையில் கதிரையைப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் இருக்கிறேன். கஜானியை அழைக்க மூன்று தரம் கைப்பேசியை எடுத்தேன், மூன்று தரமும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்தேன். இரண்டு வருட வேலை அவளுடையது, அக்கா. மற்றப் பிள்ளைகள் கலியாணம் கட்டிக் குடியும் குடித்தனமுமாகப் போன வயதில் இவள் குளத்துச் சேற்றில் முழங்கால் புதைய நின்று சேர்த்தவை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஒன்று தெரிந்தது. கண்ணால் பிரிக்க முடியாவிட்டாலும் அவை தங்களுக்குள் பிரிந்து நிற்கின்றன. கலியாண வீட்டில் பொம்பிளைப் பகுதியும் மாப்பிள்ளைப் பகுதியும் போல, ஒரு கூட்டம் காற்றுக் குமிழி வரும் பக்கத்திலும் மற்றக் கூட்டம் ஓட்டுத் துண்டு கிடக்கும் மூலையிலும். எங்களுக்குத் தெரியாதது அவற்றுக்குத் தெரிகிறது. ஆகவே இரண்டு நாள் பார்த்து, எது எந்தக் கூட்டத்தோடு போகிறது என்று உறுதி செய்து, ஒவ்வொன்றாக எடுத்து, குமிழிப் பகுதியை எமில்ராஜ் மறுநாள் கொண்டுவந்த உப்புத் தண்ணீர் விட்ட நீலத் தொட்டிக்கும், மூலைப் பகுதியைச் சிவப்புத் தொட்டிக்குமாகப் பிரித்துவிட்டேன். பூரணம் சிவப்புத் தொட்டியிலும் ஒரு பிடி உப்புப் போட்டிருக்கிறாள், தெரியாமல் ஏதும் அங்கே தங்கியிருந்தால் பாவம் என்று. என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இதைக் கஜானிக்குச் சொல்லுங்கள்: அப்பா நட்டத்தைச் செய்தான், ஆனால் பிரித்துத் தந்துவிட்டான், செத்தவை போக மற்றவை அந்தந்த வீட்டில் சுகமாக இருக்கின்றன. அவள் என்னோடு கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை, படிப்பை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். இனி என்னை நம்பி அவள் ஒரு பூச்சாடியைக்கூட விட்டுப் போகமாட்டாள். அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் முருகன் நல்ல தேக பலத்தைத் தரட்டும்.

அன்புத் தம்பி,
தியாகலிங்கம்

பி.கு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது கஜானி வீடியோவில் அழைத்தாள். எடுத்தது பூரணம். நான் நிறுத்து என்று கையைக் காட்டுமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கைப்பேசியையும் தொட்டிக்கு நேரே பிடித்துவிட்டாள். கஜானி முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து தொட்டியைப் பார்த்தாள். பிறகு, "அப்பா, வாலைப் பாக்கேல்லையே? உப்புத் தண்ணி மீனுக்கு நான் மேல் நுனியிலை வெட்டினனான், குளத்து மீனுக்குக் கீழ் நுனியிலை. இன்னும் முழுசா வளரேல்லை" என்றாள். பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நான் பிரித்ததில் பாதி பிழை, கூட்டம் என்று நான் கண்டது காற்றுக் குமிழியை விரும்பும் மீனும் விரும்பாத மீனும்தான். ஆகவே மேலே பிரித்துத் தந்துவிட்டதாக எழுதிய ஒன்றையும் நம்ப வேண்டாம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "கதையாதேங்கோ. அந்த ஓட்டுத் துண்டுக்குக் கிட்டப் பிடியுங்கோ" என்றாள். சிவப்புத் தொட்டி மூலையில் ஓட்டுத் துண்டின் கீழே இரண்டு மீன், அவற்றுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக முட்டை. ஒன்றுக்கு மேல் நுனி வெட்டு, மற்றதுக்குக் கீழ் நுனி. "முட்டை போட்ட சோடிதான் காவல் நிக்கும். ரெண்டும் நிக்குதுகளோ, அப்பா?" என்று கேட்டாள். ஓம் பிள்ளை, ரெண்டும்தான் என்றேன். அவள் அழுதாளா சிரித்தாளா என்று அந்தச் சின்னத் திரையில் தெரியவில்லை. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு இந்தக் கிழமையே வருகிறாளாம். நீங்கள் அவளுக்கு இனி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அவள் உங்களுக்குச் சொல்வாள். கடைசியாக, "நான் வாற வரைக்கும் ஒருத்தரையும் கிட்ட விடாதேங்கோ, நீங்கள் மட்டும் பக்கத்திலை இருங்கோ" என்றாள். நீங்கள் மட்டும் என்று அவள் சொன்னதைப் பூரணமும் கேட்டாள், சாட்சி இருக்கிறது. தொட்டியை விட்டு எழும்ப எனக்கு நேரமில்லை. உறையை ஒட்டாமலே நிருஷனிடம் கொடுத்து விடுகிறேன். வழியில் வாசிப்பான். வாசிக்கட்டும்.