கிணற்றிலிருந்து வந்த நடுநிலையாளர்

ஒரு காட்டில் சொக்காயி என்று ஒரு கீரி இருந்தாள். தானுண்டு தன் வளையுண்டு என்று கிடந்தவள், ஒரே நாளில் காடு முழுக்கப் பிரபலமாகிவிட்டாள். எல்லாம் மயில் வீட்டு முட்டை விவகாரம்தான்.

மயிலென்றால் சாதாரண மயிலா? நீலமேகம் தோகையை விரித்தால் காடே போட்டது போட்டபடி ஓடிவந்து நிற்கும். அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன் வீட்டுக் கூட்டில் முட்டைகளைக் காணோம். உடைந்த ஓடுதான் கிடந்தது. அந்தப் பக்கம் சொக்காயி போனதை ஒரு கிளி பார்த்துத் தொலைத்தது. அவ்வளவுதான், "முட்டைத் திருடி சொக்காயி!" என்று கிளிகள் நாள் முழுக்க பிரேக்கிங் நியூஸ் போட்டுத் தள்ளின.

"தண்ணி குடிக்கப் போனேங்க, வேற ஒண்ணும் தெரியாது" என்று அவள் கதறியதை ஒரு கிளியும் ஒளிபரப்பவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பானால் ஆற்றின் அக்கரைக்கு விரட்டிவிடுவார்கள். வளையிலோ இன்னும் கண் திறக்காத குட்டிகள்.

நீதிபதி யானை நேர்மையானவர். வில்லங்கமே அங்கேதான்.

"நானே நீலமேகத்தோட ஆட்டத்துக்கு முன்வரிசையில நின்னு பிளிறினவன். நான் தீர்ப்புச் சொன்னா நல்லாயிருக்காது. இந்த வழக்கைப் பத்தி ஒரு வார்த்தைகூடக் கேள்விப்படாத ஆளாப் பார்த்துக் கூட்டிட்டு வாங்க. அவர் ஜூரியா இருந்து சொல்லட்டும்" என்றார்.

அப்படி யார் இருக்கிறார்கள்? ஆமையைக் கேட்டால் செல்போனை அவசரமாக ஓட்டுக்குள் ஒளித்தது. பகலெல்லாம் தூங்கும் ஆந்தைகூடக் கனவிலேயே செய்தி பார்த்துவிட்டதாம். கடைசியில் பாழுங்கிணற்றுத் தவளை மண்டூகநாதன் ஞாபகம் யாருக்கோ வந்தது. பிறந்ததிலிருந்து வெளியுலகமே பார்க்காதவர். வாளியை விட்டுத் தூக்கினார்கள். கிணற்றுத் தவளை, கிணற்றுத் தவளை என்று கேலி பேசிய வாய்களெல்லாம் "வாங்க, நடுநிலையாளர் ஐயா" என்றன.

"கீரின்னா என்ன?" என்று கேட்டார் தவளையார்.

சொக்காயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "என்னைத் தெரியாதவர் ஒருத்தராவது இருக்காரே!" என்று கும்பிட்டாள்.

தவளையார் கிளியை விசாரித்தார்.

"இந்தம்மா முட்டையைத் தொட்டதைப் பார்த்தியா?"

"பார்க்கலைங்க. ஆனா எல்லாரும் சொல்றாங்க."

"முதல்ல சொன்னது யாரு?"

"நான்தாங்க."

தவளையாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் கிணற்றில் இருந்த காலத்திலேயே அவருக்கு ஒரு பழக்கம். எதையும் உரக்கச் சொல்லிப் பார்ப்பார். சொன்னது அப்படியே திரும்பி வந்தால் அது உண்மை. அவர் சொல்லி இதுவரை எதுவும் திரும்பி வராமல் இருந்ததே இல்லை.

"நிரபராதி!" என்றார்.

காடு கப்சிப். தவளையார் காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, "குற்றவாளி!" என்று சொல்லிப் பார்த்தார்.

"குற்றவாளி! குற்றவாளி!" என்று காடே அலறியது.

"அப்பாடா" என்று உட்கார்ந்தார் தவளையார்.

"ஐயா, முதல்ல சொன்னீங்களே, அதுதானுங்க உண்மை!" என்று சொக்காயி அவர் காலில் விழுந்தாள்.

"அது திரும்பி வரலையேம்மா."

ஆரவாரம் அடங்குவதற்குள் புதருக்குள்ளிருந்து மயில்குஞ்சுகள் தத்தித் தத்தி வந்தன. "இந்த அத்தை ஏன் அழுவுறாங்க?" என்று ஒரு குஞ்சு கேட்டது. முட்டைகள் பொரிந்திருக்கின்றன, வேறொன்றுமில்லை. பெற்றவர்கள் கிளிகளுக்குப் பேட்டி கொடுப்பதில் மும்முரமாக இருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை.

யானைக்கு முகம் தொங்கிப்போனது. "தப்பு நடந்துபோச்சு. மறுவிசாரணை உண்டு" என்றார். சொக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இதைப் பத்தி ஒண்ணும் தெரியாத புது ஜூரி வேணுமே. கிணத்துல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று யானை தொடர்ந்தார்.

வாளியை விட்டுப் பார்த்தார்கள். சேறுதான் வந்தது.

"சரி, கிடைக்கிற வரைக்கும் பழைய தீர்ப்பே இருக்கட்டும்."

சொக்காயி குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு ஆற்றில் நீந்தினாள். கரையில் நின்று கிளிகள் அதை நேரலையில் காட்டின. விளக்கம் சொல்ல மண்டூகநாதன் வந்திருந்தார். அவர் இப்போதெல்லாம் கிணற்றுப் பக்கமே போவதில்லை.

நீதி: நிரபராதியாக இருந்தால் மட்டும் போதாது. கோர்ட்டுக்குப் போகும்போது, "ஆமாம், ஆமாம்" என்று கத்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.