லேத்துக்கு மாலை போட்ட மாஸ்டர்

எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் கூடுதல். (கொஞ்சம்னு சொல்றது என் அடக்கம்.) ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கொழும்புப் பட்டறையொன்றில் இரும்பு கடைகிற லேத் வேலை பழகிவிட்டு லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது, இந்த மலையில் என்னை விட்டால் ஆளில்லை என்றுதான் நடந்தேன்.

ஃபெக்டரிப் பட்டறையில் பழைய லேத் ஒன்று சும்மா கிடந்தது. லயத்து வீடுகளில் இருக்கிற தொழிலாளர் பையன்கள் ஐந்து பேருக்கு அதில் வேலை பழக்குகிறேன் என்று தோட்ட மேனேஜரான பெரிய தொரையிடம் கேட்டேன். சரி என்றார். அவர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் பையன்களுக்கு ஃபெக்டரியில் வேலை. இல்லாவிட்டால் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏற வேண்டியதுதான்.

முதல் நாளே நான் சொன்ன பாடம்: சுற்றுகிற மிஷினில் தொங்குகிற சமாச்சாரமே ஆகாது, கண்டால் தள்ளி நிற்கணும். ஐவரில் ஒருவனான வேலு சால்வை போர்த்தி வந்தபோது அவனை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். (அவ்வளவு கண்டிப்பான மாஸ்டராக்கும்!)

தொரை வருகிற அன்று மிஷினுக்குப் பூசை போட்டேன். தேங்காய், பழம், சந்தனக் கிண்ணம் எல்லாம் லேத்தின் மேலேயே. இரும்பைக் கவ்விச் சுற்றுகிற சக்குக்குத் தடித்த செவ்வந்தி மாலையை என் கையாலேயே போட்டேன். தொரை உள்ளே வந்தார். நான் மிஷினை ஓட்டவும் நிறுத்தவும் பெல்ட்டைத் தள்ளுகிற கம்பியில் கைவைத்ததும் பையன்கள் ஐவரும் ஒன்றாக இரண்டடி பின்னால் போனார்கள். தொரைக்கு என்ன மரியாதை, எல்லாம் நம்ம வளர்ப்பு என்று பூரித்துப்போனேன். வேலு மட்டும் "மாஸ்டர்..." என்று இழுத்தான். முறைத்து அடக்கிவிட்டு மிஷினை ஓட்டினேன்.

மாலை சுழன்று சந்தனக் கிண்ணத்தை அடித்தது. சந்தனம் முழுக்கத் தொரையின் வெள்ளைக் காற்சட்டையில். பட்டறையெங்கும் பூமாரி. வேலுதான் பாய்ந்து பெல்ட்டைத் தள்ளி நிறுத்தினான்.

போச்சு, பிள்ளைகள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். தொரை தொப்பியிலிருந்த இதழ்களைத் தட்டிக்கொண்டே, ஏன் எல்லாரும் பின்னால் போனீர்கள் என்று வேலுவைக் கேட்டார்.

"தொங்குற சாமான் இருந்தா தள்ளி நிக்கணும்னு மாஸ்டர் சொல்லிக் குடுத்திருக்காருங்க."

பிறகு ஒவ்வொருவரையும் ஒரு போல்ட் கடையச் சொல்லிப் பார்த்தார். ஒருவனும் சோடைபோகவில்லை. (யார் பழக்கினது!)

"அஞ்சு பேரும் திங்கக்கிழமை வேலைக்கு வாங்க," என்றார். என்னிடம் திரும்பி, "நீயும் வா. இவங்ககிட்ட படி."

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். மணவறையில் பெண் மாலையைத் தூக்க, நான் தலையைக் குனிந்தேன். பந்தலில் இருந்த ஐந்து பேரும் எழுந்து, ஒன்றாக இரண்டடி பின்னால் போனார்கள்.

இன்றைக்கும் எனக்கு யாராவது மாலை போட வந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் அதையேதான் செய்கிறார்கள். முதலில் நகர்வது என் மனைவி.